வேலியே இல்லாத ஊரு: லாக்ஸ்டன் போயிட்டு வந்தேன்

#1 ஈரமண்

போன வாரம் நாட்டிங்ஹாம்ஷயர்ல ஒரு கோதுமை வயலோரம் என் ஷூ சேத்துல மாட்டிக்கிச்சு, கால் மட்டும் தனியா வெளிய வந்துருச்சு. இன்னும் கழுவி முடியல, அந்தக் களிமண்ணு அப்படி ஒரு பசை. ஆனா போனது வீண் இல்ல, அதான் எழுதுறேன்.

ஊரு பேரு லாக்ஸ்டன். நியூவார்க்குக்கும் ஆலர்டனுக்கும் நடுவுல, ஏ1 ரோட்டுலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி. ஒரு சர்ச், ஒரு பப், ஒரு மெயின் தெரு, செங்கல் வீடுங்க, அவ்ளோதான். கார்ல போறவன் பிரேக்ல கால வைக்க மாட்டான். ஆனா ஊரைத் தாண்டி வயக்காட்டுப் பக்கம் நடந்தா ஏதோ ஒண்ணு கொறையுதேன்னு தோணும், என்னன்னு ஒடனே பிடிபடாது. எனக்கும் பத்து நிமிஷம் ஆச்சு. வேலி இல்ல! இங்கிலாந்துல ப்ளைட் எறங்கும்போதே ஜன்னல் வழியா பாப்பீங்கல்ல, கட்டம் கட்டமா புதர்வேலி போட்ட வயலுங்க, அது இந்த ஊர்ல பெரும்பகுதிக்கு கெடையாது. ஒரே வெட்டவெளி, அதுக்குள்ள நீளநீளமா பட்டை பட்டையா பயிரு, இந்தப் பட்டை ஒருத்தர், அடுத்த பட்டை இன்னொருத்தர்.

விஷயம் என்னன்னா ஊருக்குப் பொதுவா மூணு பெரிய வயல், வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு. ஒவ்வொரு விவசாயிக்கும் மூணுலயும் அங்கங்க சிதறி பட்டைங்க இருக்கும். இந்த வருஷம் ஒரு வயல் பூரா குளிர்கால கோதுமை, இன்னொண்ணு பூரா வசந்தத்துல வெதைக்கிற பார்லி, பீன்ஸ் மாதிரி, மூணாவது தரிசு. அடுத்த வருஷம் மாறும். "எனக்கு இஷ்டம், நான் தரிசு வயல்ல கோதுமை போடுவேன்"னு ஒருத்தன் தனியா கெளம்ப முடியாது. ஐரோப்பா பாதி ஒரு காலத்துல இப்படித்தான் வெள்ளாமை பண்ணுச்சு, இங்கிலாந்துல அது உருப்படியா இன்னும் ஓடுறது இந்த ஊர்லதான்.

நான் போனது நவம்பர் கடைசில, ஜூரி, அதாவது எல்லை பாக்க ஊர்க்காரங்கள்லேர்ந்து எடுத்த குழு, வயல சுத்திப் பாக்குற நாளு. கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் பக்கத்து ஊரு விவசாயக் குடும்பம், அவர்தான் சொன்னார் "சும்மா பாக்காத, அந்த நாள்ல பாரு"ன்னு. டிராக்டர் பின்னாடி டிரெய்லர்ல பத்துப் பன்னெண்டு பேரு ஏறி வந்தாங்க, எல்லாம் வயசானவங்கன்னு நெனச்சா ரெண்டு மூணு சின்னப் பசங்களும் இருந்தாங்க. இந்த வருஷம் கோதுமை போட்ட வயல மட்டும்தான் பாப்பாங்க. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல எல்லை எங்கன்னு ஒருத்தர் குனிஞ்சு கண்ண இடுக்கி நேர்கோடு பாக்குறார், இன்னொருத்தர் மண்வெட்டியால குழி எடுக்குறார், மூணாவது ஆளு மரமுளைய வெச்சு சுத்தியல்ல ரெண்டு போடு போடுறார். நடுவுல ஒரே கிண்டல் சிரிப்பு. எதுக்குன்னு தூரத்துல நின்ன எனக்கு கேக்கல, ஆனா எவனோ சால் ஓட்டும்போது பக்கத்துக்காரன் மண்ணுல ஒரு முழம் ஏறிட்டான்னு அவங்க நின்ன தினுசுலயே தெரிஞ்சுது.

ஒரு வாரம் கழிச்சு அதே ஊரு பப்ல, டவ்கோட் இன்னு பேரு, கோர்ட் லீட்னு ஒரு பழைய காலத்து ஊர்க் கோர்ட் கூடும். அங்க இந்த ஜூரி "இன்னார் இவ்ளோ தள்ளி உழுதுட்டார்"னு சொல்லி ஃபைன் போடும். ஊரு ஜனம் எல்லாம் சேந்து நெலத்த காப்பாத்துறாங்க, அதப் பாத்தப்ப மனசுக்கு அவ்ளோ நல்லா இருந்துச்சு.

#2 கொதிகஞ்சி

நல்ல பதிவு, ஆனா கடைசி வரி மட்டும் தொண்டைல நிக்குது. "ஊரு ஜனம் சேந்து காப்பாத்துறாங்க"வா? அந்த நெலம் யாருது பிரதர்? அவங்க எல்லாருமே குத்தகைக்காரங்க. ஊருக்கே ஒரு ஜமீன் இருக்கு.

#3 மல்லிச்சரம்

வேலி இல்லேன்னா ஆடு மாடு எப்படி அடக்குறாங்க? சீரியஸா கேக்குறேன்.

அப்புறம் இது அந்த லாக்ஸ்டன் ஆப்பிள் ஊரா? எங்க வீட்டுப் பின்னாடி ஒரு மரம் இருக்கு, அந்தப் பேருதான் சொன்னாங்க.

#4 ஈரமண்

@மல்லிச்சரம் ஆப்பிள் வேற கதைங்க, அது பெட்ஃபோர்டுல நர்சரி வெச்சிருந்த லாக்ஸ்டன் குடும்பத்துப் பேரு. இந்த ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

ஆடு மாடு பத்தி: முன்னாடி காலத்துல பயிர் நிக்கிற வயலுக்குள்ள விட மாட்டாங்க, அறுப்பு முடிஞ்சப்புறம் எல்லாரோட ஆடும் அந்தத் தாள்ல ஒண்ணா மேயும், தரிசு வயல்லயும் மேயும். அதுக்குத்தான் எல்லாரும் ஒரே பயிர ஒரே சமயத்துல போடணும்னு கட்டு. நடுவுல ஒருத்தன் மட்டும் லேட்டா அறுத்தா அவன் பயிரு காலி. இது தவிர உழ முடியாத பள்ளம், ஓடைக்கரை, வயலுக்கு நடுவுல நீட்டமா போற புல்லு நெலம், இதுக்கு பேரு சைக். அதுல வளர்ற புல்ல வருஷா வருஷம் ஏலம் விடுறாங்க. பல நூறு வருஷமா ஏர் படாததால அங்க இருக்குற காட்டுப் பூவுக்காகவே ஆளுங்க ஜூன் மாசம் போறாங்களாம்.

@கொதிகஞ்சி ஜமீன் இருக்கு, நான் மறைக்கல. எழுதுனா நீளமா போகுமேன்னு விட்டேன்.

#5 பழைய சர்வேயர்

தம்பி ஈரமண், படிச்சு சந்தோஷம். முப்பது வருஷம் சங்கிலி இழுத்தவன் நான், இந்த ஊர் வரைபடத்தப் பத்தி சொல்லாம இருக்க முடியல.

1635ல மார்க் பியர்ஸ்னு ஒரு சர்வேயர் இந்த ஊர முழுசா அளந்து வரைஞ்சிருக்கார். தோல்ல வரைஞ்சது, ஒம்பது துண்டு, இப்ப ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் லைப்ரரில இருக்கு. ஒவ்வொரு பட்டையும் தனித்தனியா, யார் கையில இருக்கு, எவ்ளோ அளவு, எல்லாம் கூடவே ஒரு பதிவேடு. நம்ம பாஷைல சொன்னா எஃப்எம்பியும் (சர்வே நம்பர் வாரியா நெலத்த அளந்து போடுற வரைபடம்) அடங்கலும் (கிராமத்துப் பயிர்க் கணக்கு) சேந்த மாதிரி. அதுலயே ஓரத்துல ஏர் ஓட்டுறவன், கதிர் அறுக்குறவன், மான் வேட்டை ஆடுறவன்னு குட்டிக் குட்டி ஆளுங்கள வரைஞ்சு வெச்சிருக்கார். நாங்க எஃப்எம்பில ஒரு தென்னமரம் கூட ஒழுங்கா போட மாட்டோம்.

அந்த மேப்ப யார் வரையச் சொன்னதுன்னு பாத்தா இன்னும் வேடிக்கை. சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வியாபாரி, ஊர விலைக்கு வாங்குன ஆளு. பார்படாஸ்ல 1627ல இங்கிலீஷ்காரங்க குடியேறினதுக்குப் பணம் போட்டது இவர்தான். இதே 1635ல கிழக்கிந்திய கம்பெனிக்குப் போட்டியா இந்தியா பக்கம் வியாபாரம் பண்ண சார்லஸ் ராஜாகிட்ட அனுமதி வாங்குன கோஷ்டியும் இவரோடதே. கோவா, கார்வார் பக்கமெல்லாம் அவங்க கப்பல் போச்சு. ஒரு பக்கம் அரபிக்கடல், இன்னொரு பக்கம் நாட்டிங்ஹாம்ஷயர்ல எந்த விவசாயி எத்தன பட்டை வெச்சிருக்கான்னு கணக்கு. மறு வருஷமே ஆள் செத்துப் போயிட்டார், அப்புறம் ஊர் பியர்பாண்ட் குடும்பத்துக்குப் போச்சு. தார்ஸ்பி எஸ்டேட்டுன்னு சொல்றது அவங்களத்தான்.

இன்னொண்ணு. ஏக்கர்னு நாம சொல்றமே, அது பிறந்ததே இந்த மாதிரி பட்டைலதான். ஒரு ஏர் ஒரு நாள்ல உழுற நெலம். நீளம் 220 கஜம், அதான் ஃபர்லாங், அதாவது ஒரு சாலோட நீளம், மாடு மூச்சு வாங்காம இழுக்குற தூரம். அகலம் 22 கஜம், சர்வேயர் நெலம் அளக்குற சங்கிலி ஒண்ணோட நீளம். 220ஐ 22ஆல பெருக்கினா 4840 சதுர கஜம், ஒரு ஏக்கர். கிரிக்கெட் பிட்ச் ஏன் 22 கஜம்னு யாராச்சும் கேட்டா இதச் சொல்லுங்க, அதுவும் அதே சங்கிலிதான். ஊர்ல ரியல் எஸ்டேட்காரன் சென்ட் கணக்குல பேசுறானே, அந்த சென்ட்டும் இந்த ஏக்கர்ல நூத்துல ஒண்ணு.

#6 கொதிகஞ்சி

சார் அந்த கோர்ட்டன் மேட்டர் தெரியாது, செம. பார்படாஸ்ல பணம் போட்ட அதே ஆளு இங்க கிராமத்தயும் வாங்குறான். அப்ப மேப்புங்கறது ஊரு அழகுக்கு இல்ல, எவ்ளோ குத்தகை ஏத்தலாம்னு பாக்கத்தான். அத எல்லாரும் "அடடா என்ன பழமை"ன்னு ரசிக்கிறோம்.

#7 லாபக்கணக்கு

நான் எதிர்த்தரப்பு வக்கீலா வர்றேன், திட்டாதீங்க. மத்த ஊரெல்லாம் இந்த சிஸ்டத்த கைவிட்டுச்சுன்னா காரணம் இருக்கும்ல? பத்துப் பதினஞ்சு எடத்துல சிதறுன நெலம், ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ஏரத் தூக்கிட்டு நடக்கணும். பக்கத்துக்காரன் களை எடுக்கலேன்னா அது என் நெலத்துக்கு வரும், என் ஆட்டுக்கு அவன் ஆட்டு சீக்கு வரும், புதுசா டர்னிப் போட்டுப் பாப்போம்னா ஊரே ஒத்துக்கணும். வேலி போட்டப்புறம்தான் விளைச்சல் ஏறுச்சுன்னு சொல்றாங்க. 1968ல காரெட் ஹார்டின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி எழுதுனது தெரியும்ல, பொதுச் சொத்துன்னா ஆளாளுக்கு மேய விட்டு மொட்டையாக்கிருவான்னு. லாக்ஸ்டன் தப்பிச்சது மியூசியம் பீஸா, அவ்ளோதான்.

#8 ஈரமண்

@லாபக்கணக்கு ரெண்ட போட்டுக் குழப்புறீங்க. லாக்ஸ்டன்ல பட்டை தனித்தனி ஆளோடது, அவன் வெதைப்பான் அவனே அறுப்பான். பொதுவா இருக்குறது சட்டதிட்டம், எந்த வருஷம் எந்த வயல் என்ன பயிரு, எல்லை எங்க, ஓடை யாரு தூர்வாரணும், புல்லுல யாருக்கு பங்கு, இதுதான். மேய்ச்சலும் யார் வேணா வரலாம்னு எப்பவுமே இருந்ததில்ல, உரிமை வீட்டோட ஒட்டுனது, இந்த மனைல குடியிருக்கறவனுக்கு இத்தன பங்குன்னு கணக்கு. ஹார்டின் சொன்ன, யாருமே கேக்காத மேய்ச்சக்காடு வேற. அதத்தான் எலினோர் ஆஸ்ட்ரம் மறுத்து எழுதி 2009ல பொருளாதார நோபல் வாங்குனாங்க: விதி இருந்து, விதிய மீறுனா கேக்க ஆளும் இருந்தா பொதுச் சொத்து நிக்கும்னு.

சிதறுன நெலத்துக்கும் ஒரு லாஜிக் சொல்றாங்க. மழை பெஞ்சா பள்ளத்துல தண்ணி நிக்கும், மேட்டுல விளையும், வறட்சில மேடு காயும், பள்ளம் தாங்கும். எல்லாருக்கும் கொஞ்சம் மேடு கொஞ்சம் பள்ளம் இருந்தா ஒரே வருஷத்துல ஒருத்தன் மட்டும் முழுசா அழிய மாட்டான். என் ஷூ மாட்டுன எடத்துலேர்ந்து நாப்பது அடி மேல போனா மண்ணு பொலபொலன்னு இருந்துச்சு, கண்ணால பாத்தேன்.

#9 நியூவார்க் நிலா

நான் பக்கத்திலை நியூவார்க்கிலைதான் இருக்கிறன், கார் ஓட்டம் அரைமணித்தியாலம் கூட வராது. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ரெண்டு தரம் போனனாங்கள். பஸ்ஸை நம்பி வெளிக்கிடாதேங்கோ. பப்புக்குப் பின்னாலை ஒரு சின்னக் கண்காட்சி இருக்கு, அதைப் பாத்திட்டு வயலுக்குப் போனால்தான் விளங்கும், இல்லாட்டி வெறும் வெளிதான்.

தேவாலயத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. அதுக்குள்ளை எவரிங்கம் எண்ட பழைய பிரபு குடும்பத்தின்ரை கல்லுச் சிலையள் படுத்த வாக்கிலை கிடக்கு, அதிலை ஒரு பெண்ணின்ரை சிலை மட்டும் மரத்திலை செய்தது. கல்லு மூக்கெல்லாம் உடைஞ்சு போச்சு, மரம் கிடக்குது. எனக்கு அதிலை நிண்டு வர மனமில்லை. என்ரை மகள் கேட்டாள், "அம்மா, இவவுக்கு ஏன் கல்லு குடுக்கேல்லை" எண்டு. என்ன சொல்லுறது.

வடக்குப் பக்கம் கோட்டை மேடும் இருக்கு, கல்லுக் கோட்டை எண்டு நினைச்சுப் போகாதேங்கோ, புல்லு முளைச்ச மண்மேடு. ஆனால் பெரிசு, மேலை ஏறினால் காத்து அடிச்சுத் தள்ளும்.

#10 மல்லிச்சரம்

@நியூவார்க் நிலா உங்க பொண்ணு கேட்ட கேள்வி சூப்பர் அக்கா. நான் போனா அந்த மரச்சிலையத்தான் மொதல்ல பாப்பேன்.

அந்த கோட்டை யாரு கட்டுனது? ராபின்ஹுட் ஏரியாதானே அது, ஏதாச்சும் கதை இருக்குமே.

#11 பழைய சர்வேயர்

ராபின்ஹுட்டத் துரத்துற பக்கத்து ஆளுங்க ஊரும்மா இது. நார்மன் காலத்துக் கோட்டை, டி கோ குடும்பம், அவங்கதான் அந்தப் பக்கத்து ராஜா காடுகளுக்குப் பரம்பரைக் காவல். மான் அடிச்சா பிடிச்சு விசாரிக்கிறவங்க. அப்புறம் அது எவரிங்கம் குடும்பத்துக்குப் போச்சு, ஜான் ராஜா கூட வந்து போயிருக்கார். 1086ல வில்லியம் ராஜா நாடு பூரா எடுத்த நெலக் கணக்குலயே ஊர் பேர் இருக்கு. கோட்டை இருந்த ஊருன்னா வளர்ந்து டவுனாகியிருக்கணும், இது ஆகல. அதான் எனக்கு சுவாரசியம், பெரிய ஆளுங்க வந்துட்டுப் போயிட்டாங்க, ஏர் ஓட்டுறவன் மட்டும் அங்கயே நின்னுட்டான்.

#12 சுக்குகாபி

மன்னிக்கணும், எல்லாரும் புகழ்றீங்க, நான் போன மே மாசம் குடும்பத்தோட லாக்ஸ்டன் போனேன், இதுல சொல்ற ஒண்ணுமே அங்க இல்ல. வயலெல்லாம் நல்லா வேலி போட்டுத்தான் இருந்துச்சு. பப்பும் கண்ணுல படல, கோட்டை மேடும் இல்ல. கிராமம் அழகா இருந்துச்சு, ஒத்துக்கறேன், ஆனா இந்த அளவுக்கு பில்டப் தேவையா? நெட்ல ஒருத்தர் எழுதுனத இன்னொருத்தர் காப்பி பண்ணி எழுதுறீங்களோன்னு டவுட்டு.

#13 ஈரமண்

@சுக்குகாபி பாஸ் நான் ஷூவே பறிகொடுத்திருக்கேன், காப்பி பண்றேன்னா எப்படி. ஒருவேளை வேற பக்கமா பாத்திருப்பீங்க, ஊர்ல வேலி போட்ட நெலமும் இருக்கு, எல்லாமே வெட்டவெளி இல்ல. திறந்த வயல்னு மிஞ்சி இருக்குறது 480 ஏக்கர் சொச்சம்தான்.

#14 கொதிகஞ்சி

சரி மெயின் கேள்விக்கு வருவோம், ஏன் இந்த ஊரு மட்டும் தப்பிச்சுது? பார்லிமென்ட் 1604லேர்ந்து 1914 வரைக்கும் வேலிச் சட்டமா 5,200க்கு மேல போட்டுத் தள்ளியிருக்கு, 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்து நெலத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. பொதுவா மேஞ்ச எடத்த பெரிய ஆளுங்க வேலி போட்டு எடுத்துக்கிட்டாங்க, ஒரு மாடு ரெண்டு வாத்து வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்தவன் கூலிக்குப் போனான். இதுல லாக்ஸ்டன்காரன் மட்டும் என்ன புரட்சியா பண்ணான்? நானும் தேடுனேன், அப்படி ஒண்ணும் கெடைக்கல.

#15 பழைய சர்வேயர்

புரட்சி எல்லாம் இல்ல தம்பி, பங்காளித் தகராறு மாதிரி ஒண்ணுதான். ஊர்ல ஒரு ஜமீன் இல்ல, ரெண்டு. பெரிய பங்கு தார்ஸ்பி பக்கம், கிங்ஸ்டன் டியூக், அப்புறம் மான்வர்ஸ் பிரபுன்னு பட்டம் மாறும். இன்னொரு பங்கு ரஃபர்டு பக்கம், ஸ்கார்பரோ பிரபு. ரெண்டு பேரோட பட்டைங்களும் பின்னல் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கெடக்கு. வேலி போடணும்னா ரெண்டு பேரும் உக்காந்து இது எனக்கு அது உனக்குன்னு மாத்திக்கணும், அது நடக்கல. மண்ணும் கனமான களி, செலவு பண்ணி வேலி போட்டு வடிகால் போட்டு என்ன பெருசா வந்துடும்னு யோசிச்சிருப்பாங்க. 19ம் நூத்தாண்டுல கொஞ்சம் நெலத்துக்கு வேலி வந்துச்சு, ஆனா நடு வயலுங்க நின்னுருச்சு.

1900த்தோட ஆரம்பத்துல மான்வர்ஸ் பிரபு பட்டைங்கள கொஞ்சம் சேத்து, எண்ணிக்கைய கொறச்சு, பெருசாக்கினார். அதனால 1635 மேப்புல இருக்குற மாதிரி நூல் நூலா இப்ப இல்ல. பழசு அப்படியே இருக்குன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க.

#16 லாபக்கணக்கு

அப்ப நான் சொன்னதுதானே! ஊர் ஒத்துமையும் இல்ல, ஆஸ்ட்ரமும் இல்ல, ரெண்டு ஜமீன் முறுக்கிக்கிட்டு நின்னதுதான் காரணம். 😀

#17 ஈரமண்

ஒத்துக்கறேன், #1ல நான் எழுதுன கடைசி வரி கொஞ்சம் ஓவர்தான். ஆனா பாருங்க, ஜமீன் சண்டை வேலிய மட்டும்தான் தடுத்துச்சு. வேலி இல்லாம நூறு சண்டை வராம பாத்துக்கிட்டது யாரு? அது அந்த முளைதான். அன்னைக்கி நான் பாத்ததுல என்ன பிடிச்சுதுன்னு யோசிச்சா, அவங்க ஒருத்தர ஒருத்தர் நம்பறதா எனக்குத் தெரியல. நம்பாததாலதான் டிரெய்லர் ஏறி வந்து அளக்குறாங்க! கோதுமை போடுற முறை வரும்போதுதான் ஒரு வயல பாப்பாங்க, அதனால ஒவ்வொரு வயலுக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவ முளை புதுசாகும். மூணு வருஷத்துல எவ்ளோதான் திருட முடியும், ஒரு சால், ரெண்டு சால். அதுக்கு மேல போறதுக்குள்ள பிடிச்சுருவாங்க. பிடிக்கிறவனும் பக்கத்து பட்டைக்காரன், இன்னிக்கி ஜூரில அவன், அடுத்த தடவ நீ. ஃபைன் சில பவுண்டுதான், பெரிய காசு இல்ல, ஆனா பப்ல எல்லார் முன்னாடியும் பேர வாசிப்பாங்கல்ல, அத வருஷம் பூரா சொல்லிச் சொல்லி ஓட்டுவாங்களாம். கூட வேலை பாக்குறவரோட மாமா ஒருத்தருக்கு எப்பவோ விழுந்த ஃபைன இன்னும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல பேசுறாங்கன்னா பாத்துக்கோங்க.

#18 மல்லிச்சரம்

அந்த பப் கோர்ட்டுக்கு உண்மையிலயே பவர் இருக்கா, இல்ல டூரிஸ்ட்டுக்கா?

#19 பழைய சர்வேயர்

இருக்கும்மா. இங்கிலாந்துல மிச்சம் மீதி இருந்த இந்த மாதிரி பழைய கோர்ட்டுங்களோட அதிகாரத்த எல்லாம் 1977ல ஒரு சட்டம் போட்டு எடுத்துட்டாங்க. பல ஊர்ல இப்பவும் கூடுறாங்க, தொப்பி அங்கி எல்லாம் போட்டுக்கிட்டு, ஆனா சடங்குக்குத்தான். லாக்ஸ்டனுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து அதிகாரத்த விட்டு வெச்சாங்க. ஏன்னா அங்கதான் கோர்ட்டுக்கு வேலை இருந்துச்சு.

ஆனா கொதிகஞ்சி கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், அந்தக் கோர்ட்டுக்குத் தலைமை தாங்குறவர் ஸ்டூவர்ட், அவர் ஜமீன் பக்கத்து ஆளு. ஜூரிதான் ஊர்க்காரங்க.

#20 கொதிகஞ்சி

நன்றி சார் 😂 அதத்தான் கேக்க இருந்தேன்.

இப்ப அந்த நெலம் யாருகிட்டன்னு பாத்தேன், அதுவும் ஒரு கூத்து. 1952ல மான்வர்ஸ் பிரபு ஊர விவசாய அமைச்சகத்துக்கு வித்தார், இந்த முறைய காப்பாத்தணும்னு சொல்லி. அரசாங்கமே பண்ணையார். 1981ல அது கிரவுன் எஸ்டேட்டுக்கு, அதாவது ராஜ குடும்பத்துப் பேர்ல இருக்குற பொதுச் சொத்த நிர்வகிக்கிற அமைப்புக்குப் போச்சு. 2020ல யாரு திரும்ப வாங்குனாங்கன்னு நெனைக்கிறீங்க? அதே தார்ஸ்பி எஸ்டேட்! அறுபத்தெட்டு வருஷம் அரசாங்கம் வாடகை வாங்கி, பராமரிச்சு, திரும்ப அதே வாசல்ல கொண்டுபோய் விட்டுருச்சு. ஊர்க்காரங்களே சேந்து வாங்கியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

#21 லாபக்கணக்கு

வாங்க காசு? இன்னிக்கி கோதுமை வெலைல களிமண்ணு வயல்ல சின்னப் பட்டை வெச்சு பொழைக்கிறதே பெரும்பாடு. கம்பைன் அறுப்பு மிஷின திருப்பவே எடம் பத்தாது. அந்த ஊர்ல பண்ணை எண்ணிக்கை கொறஞ்சுக்கிட்டே வருது, பெரியவரு ரிட்டையர் ஆனா பையன் வர்றதில்ல. ஜூரில உக்கார ஆள் இல்லேன்னா ஜமீன் நல்லவரா கெட்டவரான்னு பேசி என்ன ஆகப்போகுது. நான் இந்த சிஸ்டத்த கிண்டல் பண்ணாலும் அது போனா வருத்தந்தான்.

#22 நியூவார்க் நிலா

உண்மைதான். ஆனால் தெருவிலை பண்ணை வீடுகள் இன்னும் அப்பிடியே இருக்கு, வயலுக்கு நடுவிலை இல்லை, தெருக்கரையிலை. மற்ற ஊர்களிலை வேலி போட்ட பிறகு கமக்காரர் தங்கடை தங்கடை காணிக்கு நடுவிலை போய் வீடு கட்டினவை. இஞ்சை காணி நாலு பக்கமும் சிதறிக் கிடக்கிறதாலை ஊருக்குள்ளையே இருந்தாத்தான் வசதி. பின்னேரம் போனால் தெருவாலை ட்ராக்டர் வரும், டயரிலை இருந்து மண் கட்டி கட்டியா ரோட்டிலை விழும். என்ரை காரைக் கழுவ ஒரு மணித்தியாலம் போச்சு.

#23 பழைய சர்வேயர்

அருமையான பாயிண்ட். வயல் எப்படியோ ஊர் அப்படி. சில வீடு தெருவுக்கு முதுகு காட்டாம பக்கவாட்டு சுவரக் காட்டி நிக்கும், பின்னாடி நீளமா ஒடுக்கமா தோட்டம் போகும், அந்த மனைக்கட்டு எல்லாம் பழைய மேப்போட வெச்சுப் பாக்கலாம்.

சிதறுன திறந்த வயல் டெவன்ல பிரான்டன்லயும் கொஞ்சம் இருக்கு, லிங்கன்ஷயர் ஆக்ஸ்ஹோம் பக்கமும் இருக்கு. ஆனா கோர்ட்டோட சேந்து மூணு வயல் முறை ஓடுறது லாக்ஸ்டன்தான்.

சுக்குகாபி தம்பி, ஒரு சின்ன சந்தேகம். நீங்க போனப்ப கார்பி டவுன் வழியாவா போனீங்க?

#24 சுக்குகாபி

ஆமா சார், கார்பில கேஎஃப்சில சாப்ட்டுட்டுதான் போனோம். ஏன்?

#25 பழைய சர்வேயர்

அது நார்தாம்ப்டன்ஷயர் லாக்ஸ்டன் தம்பி. ஈஸ்ட் யார்க்‌ஷயர்ல ஹவுடன் பக்கம் இன்னொரு லாக்ஸ்டனும் இருக்கு. மேப்புல போடும்போது கூடவே நாட்டிங்ஹாம்ஷயர்னும் போடணும்.

#26 சுக்குகாபி

ஐயையோ.

@ஈரமண் சாரி பாஸ், #12ஐ வாபஸ் வாங்கிக்கறேன். வீட்டம்மாகிட்ட இத இன்னும் சொல்லல, அன்னிக்கி "இதுதான் ஆயிரம் வருஷத்து வயல்"னு ஒரு ராப்சீட் வயல் முன்னாடி நிக்க வெச்சு ஃபோட்டோ வேற எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டிருக்கேன், மாமனார் ஹார்ட் எல்லாம் விட்டிருக்கார்.

#27 ஈரமண்

😂😂 பரவால்ல பாஸ். ஜூன்ல சைக் புல்லு பூத்திருக்கும்போது நியூவார்க் நிலா அக்காவையும் கூட்டிக்கிட்டு ஒரு ட்ரிப் போடுவோம், மல்லிச்சரம் அந்த மரச்சிலைய பாக்கட்டும். ஷூ மட்டும் பழசா போட்டுட்டு வாங்க.